காற்றுக்கு முன்னால் ஓரம்

கண்ணாஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டர். அதில் இருபத்திரண்டு வருஷம் டாக்டர் கைக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவளுக்கு அங்கே வைத்திருந்த பெயர் ‘ஓரம் சிஸ்டர்’. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுவிட்டு, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். மற்ற இடத்துச் சுவருக்குக் காதுதான் உண்டு. ஆஸ்பத்திரிச் சுவருக்கு வாயும் உண்டு. அவளுக்கு எல்லாம் தெரியும். ‘சொல்லிட்டுப் போகட்டும், கெட்ட வார்த்தையா சொல்றாங்க?’ என்று விட்டுவிட்டாள்.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் கண்ணுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். விழித்திரையின் நட்டநடுவில் கடுகளவு இடம் ஒன்று இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் வருகிறவர் இன்னாரென்று முகத்தைக் கண்டுகொள்வது எல்லாம் அந்தக் கடுகின் வேலை. அதில் ஓட்டை விழுந்தாலோ, அதன்மேல் சவ்வு படர்ந்து சுருக்கினாலோ ஆபரேஷன்தான். வெள்ளைவிழியில் மூன்று சின்னத் துளை போட்டு, உள்ளே இருக்கிற கூழை வெட்டி எடுத்து, சவ்வை உரித்து, கடைசியில் காற்றை விட்டு, அப்புறம் வாயுவை நிரப்பி அனுப்புவார்கள். வாயுக் குமிழ் ஓட்டையை அழுத்தி மூடும். டாக்டர், கூட நிற்கிறவர், டிவி திரையில் பார்க்கிறவர்கள் எல்லாருடைய கண்ணும் அந்த நடுவில்தான் குத்திட்டு நிற்கும்.

ஆனால் கூழை இழுக்கிற இழுப்பில் விழித்திரை கிழிந்தால் நடுவிலா கிழியும்? ஓரத்தில் கிழியும். அந்த ஓரம் சும்மா பார்த்தால் தெரியாது. மழுங்கிய கம்பி ஒன்றால் விழியை வெளியிலிருந்து அழுத்தி, ஓரத்தை உள்பக்கம் தள்ளி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். நாலைந்து நிமிஷம் பிடிக்கும். கிழிசல் இருந்தால் அங்கேயே லேசரால் சுற்றிப் பொசுக்கி ஒட்டிவிடலாம். பார்க்காமல் விட்டால் கிழிசல் வழியே தண்ணீர் புகுந்து, சில வாரத்தில் விழித்திரையே உரிந்து வந்துவிடும். நடுவைக் காப்பாற்றப் போய் முதலுக்கே மோசம்.

காற்றுக் குழாயைத் திறக்கிற சின்னத் திருகுக்குத் தியேட்டரில் ‘த்ரீவே’ என்று பெயர். அது கருவி கொடுக்கிறவர் கையில் இருக்கும். டாக்டர் “ஏர்” என்று சொன்னதும் அதைத் திருப்ப வேண்டும். இவள் திருப்ப மாட்டாள். “ஓரம் பாத்தாச்சா டாக்டர்?” என்பாள். பார்க்கவில்லையென்றால் அந்த மழுங்கிய கம்பியை எடுத்து அவர் கையில் வைப்பாள். காற்றுக்கு முன்னால் ஓரம். இதுதான் அவள் சட்டம். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு வந்து காட்டவில்லை, யாரிடமும் கையெழுத்தும் வாங்கவில்லை.

பிறக்கும்போதே அவள் இப்படி அடம்பிடித்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் தச்சர் ஒருவர் வந்தார். ஒரு கண் சின்ன வயசிலேயே போய்விட்டது. இருக்கிற கண்ணில், நடுவில் ஓட்டை. அப்போதிருந்த டாக்டர் பிரமாதமாக ஆபரேஷன் செய்தார். ஓட்டை மூடிக்கொண்ட ஸ்கேன் படத்தை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார்கள். ஆனால் கூழ் வெட்டுகிற கருவி வெளியே வந்தபோது அதன் நுனியோடு நூலாகக் கொஞ்சம் கூழும் இழுபட்டு வந்ததை அவள் பார்த்தாள். ஓரம் கிழிந்திருக்குமோ என்று பட்டும் வாயைத் திறக்கவில்லை. நேற்று வந்தவள் பெரியவர்களுக்குச் சொல்வதா என்று பயம். ஐந்து வாரம் கழித்து அந்தத் தச்சர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். “யாரையும் குத்தம் சொல்லலைம்மா, என் தலையெழுத்து” என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் அழுதாள். அதற்கப்புறம் தியேட்டரில் அவள் வாயை மூடிய நாள் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாகப் பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர், அதில் மறுபேச்சே இல்லை. காற்றில் ஆடாத கை. வெங்காயத்தோலைவிட மெல்லிய சவ்வை அவர் உரிக்கிற அழகை சிஸ்டரே பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறாள். கூடவே வேகமும் இருந்தது. வேகத்துக்குக் குறுக்கே நின்றது ஓரம்.

“சிஸ்டர், அகல லென்ஸ் போட்டுத்தான் வேலை பாக்கறேன். கிழிஞ்சா எனக்குத் தெரியாதா?”

“அழுத்தாம கடைசி ஓரம் தெரியாது டாக்டர். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிடப் போறேன்?”

“ஒரு கண்ணுக்கு அஞ்சு நிமிஷம். ஒன்பது கண்ணுக்கு முக்கா மணி நேரம். அந்த நேரத்துல இன்னொருத்தருக்குப் பண்ணிடலாம். வெளியில அஞ்சு மாசமாக் காத்துக்கிட்டிருக்காங்க. காத்திருக்கக் காத்திருக்க ஓட்டை பெருசாகுது. அவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் சங்கடம். அழுத்திப் பார்க்கிற கண்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கிழிசலும் இருக்காது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒன்றும் இல்லாததைத் தேடச் சொல்கிறவளை எந்த ஊரில் மெச்சுவார்கள்? அவள் மெச்சச் சொல்லவில்லை. ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒருநாள் வெளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சவ்வை உரித்து முடித்து, பெரிய டாக்டர் “ஏர்” என்றார். “ஓரம் டாக்டர்” என்றாள். “ஏர், சிஸ்டர்” என்றார். அவள் திருகின் மேல் கையை வைத்தபடி நின்றாள். மூன்றாம் தடவையும் கேட்டார். இரண்டு கையிலும் கருவி, எட்டித் திருப்ப முடியாது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் முகம் முகமூடிக்குள்ளேயே சுண்டிப்போனது.

அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. சிஸ்டர் இனிமேல் கீழ்த்தளத்தில் கருவி அறைக்கு.

“தண்டனைன்னு நினைக்காதீங்க சிஸ்டர். உங்க அனுபவம் அங்கதான் தேவைப்படுது” என்றார் டாக்டர்.

“தண்டனைன்னு நான் சொல்லவே இல்லையே டாக்டர். நீங்கதான் சொல்றீங்க” என்றாள்.

அவள் இடத்தில் இன்னொரு நர்ஸ் நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள் என்பதால் எல்லாருக்கும் அவன் ‘நெட்டை’. நாற்பது வயசு, பதவிசான பேர்வழி. “ஏர்” என்றால் ஏர். அவன் கேள்வி கேட்டு அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் புருஷன் கேட்டுவிட்டுக் குதித்தார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். “கேஸ் அடிக்கறதுக்கு முன்னால சோப்புத் தண்ணி தடவி லீக் இருக்கான்னு பாக்கறேன். பாக்காம அடிச்சா மறுவாரமே அந்த வீட்டம்மா போன் பண்ணி என் பரம்பரையையே இழுக்கும். ஒரு ஃப்ரிட்ஜுக்கே இந்தப் பாடு. கண்ணுக்குக் கேஸ் அடிக்கறவர் லீக் பாக்க மாட்டாராமா?”

“அவர் நல்ல டாக்டருங்க.”

“நானும்தான் நல்ல மெக்கானிக்கு. அதுக்காக?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. அவள் பயமெல்லாம் தன் வேலையைப் பற்றியில்லை. அந்த நிமிஷம் எந்தக் கண்ணில் எந்த ஓரம் பார்க்காமல் போகிறதோ என்றுதான்.

கருவி அறை நீராவியும் வேர்வையுமான இடம். கழுவி, அவித்து, துணியில் சுற்றி மேலே அனுப்ப வேண்டும். சவ்வு உரிக்கிற கிடுக்கியின் நுனி தலைமுடியைவிட மெல்லியது. அது நேராக இருக்கிறதா என்று ஒற்றைக்கண் லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒருநாள் எடுத்த கிடுக்கி வளைந்திருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் வளைந்திருந்தது. ஐந்தாவதும் வளைந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. கழுவுகிறவரைக் கூப்பிட்டு, “கண்ணுக்குள்ள போற சாமானா இது, இல்ல செங்கல்லா? எடுத்துப் போட்டு மிதிச்சீங்களா?” என்று காய்ச்சி எடுத்தாள். அந்த மனுஷர் பாவம், ‘நான் என்ன பண்ணேன்’ என்று பேந்தப் பேந்த விழித்தார். ஐந்தையும் கட்டி ரிப்பேருக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் ரிப்பேர்காரர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். “சிஸ்டர், அஞ்சும் ஊசி மாதிரி நேரா இருக்கு. மிஷின்ல வெச்சே பாத்துட்டேன்.”

“உங்க மிஷினைப் பாருங்க மொதல்ல” என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவின் நிலை நடுவில் இடுப்பொடித்து வளைந்திருந்தது. ரிப்பேர்காரர் முகத்தைப் பார்த்தாள். காது இருந்தது, தலைமுடி இருந்தது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வளைந்திருந்தது கிடுக்கி இல்லை. ஆயிரம் பேர் வாயால் கேட்ட கதையைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். முதல் வேலையாகக் கழுவுகிறவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

ஸ்கேன் படத்தைப் பெரிய டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். ஓட்டை. சின்னதுதான், ஆனால் வளர்கிறது. மூடாவிட்டால் வலது கண் பேருக்கு மட்டும்தான் இருக்கும். மேலே தியேட்டரிலோ கீழே கருவி அறையிலோ அவளுக்கு வேலை கிடையாது. “நானே பண்றேன் சிஸ்டர்” என்றார், நிஜமான அக்கறையோடு.

“நீங்கதான் பண்ணணும் டாக்டர். வேற யார்கிட்டயும் போகமாட்டேன்” என்றாள் அவள். அதுவும் நிஜம்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாத்தனார் வந்து இறங்கினாள். விஷயம் முழுவதும் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணி, கத்தியைக் கையில வெச்சிருக்கறவர்கிட்டயா வம்பு பண்ணுவாங்க? இந்த ஒரு நாளைக்காவது வாயை மூடிக்கிட்டுப் படுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“வாயைத் திறந்தா கண்ணு போயிடுமா? நல்லா இருக்கே நியாயம்! மூடினதாலதான் ஒரு கண்ணு போச்சு, தெரியுமா உனக்கு?”

“அது யார் கண்ணு?”

“யார் கண்ணா இருந்தா என்ன? கண்ணு கண்ணுதான்” என்று பேச்சை முடித்துவிட்டாள்.

காலையில் சம்மதப் பாரத்தை நீட்டினார்கள். கையெழுத்துக்கு மேலே ‘நோயாளி கூற விரும்புவது’ என்று இரண்டு வரி காலியாக இருக்கும். எல்லாரும் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். அவள் பேனாவை வாங்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினாள்: ‘காற்று விடும் முன் கண்ணின் ஓரம் முழுவதும் அழுத்திப் பார்க்க வேண்டும். பார்க்காமல் காற்று விட எனக்குச் சம்மதம் இல்லை.’ கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

பாரம் கைமாறிக் கைமாறிப் பெரிய டாக்டரிடம் போய், பெரிய டாக்டரே பாரத்தோடு வந்துவிட்டார்.

“என்ன சிஸ்டர் இது? என்னை நம்பலையா?”

“உங்க கையை நம்பறேன் டாக்டர். உங்க அவசரத்தை நம்பல.”

“வேற டாக்டரைப் பாத்துக்கோங்கன்னு நான் சொல்லலாம்.”

“சொல்லுங்க. சொன்னீங்கன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவர் எழுதவில்லை. பாரத்தைக் கோப்பில் செருகிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பார்ப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மேஜையில் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி, கண் மரத்துப்போனது, முகத்தின் மேல் பச்சைத் துணி. கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருக்கிற ஆபரேஷன் இது, ஆடக்கூடாது, பேசக்கூடாது. இருமல் வந்தால் வாத்தை அழுத்த வேண்டும். அது கீச்சென்று கத்தும், டாக்டர் கருவிகளை வெளியே எடுத்துவிடுவார். எத்தனையோ பேர் கையில் அவளே வைத்த வாத்து. இன்று அவள் கையில்.

துணிக்கு அடியில் இருந்தாலும் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. காதே போதும். கூழ் வெட்டுகிற கருவி வண்டு மாதிரி ரீங்கரித்தது. நின்றது. சவ்வுக்கு நிறமேற்ற நீலச் சாயம் கேட்டார். கிடுக்கி கேட்டார். அதற்கப்புறம் யாரும் மூச்சுவிடாத அந்த மௌனம். சவ்வு உரிகிறது என்று அர்த்தம். எவ்வளவு அழகாக உரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது, அந்த நிலைமையிலும் அவளுக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பின்னால் யாரோ “சூப்பர் சார்” என்றார்கள். முடிந்தது.

இப்போது கம்பியைக் கேட்க வேண்டும். அவள் காத்திருந்தாள்.

“ஏர்” என்றார் பெரிய டாக்டர்.

பாரத்தை மறந்துவிட்டாரா, மறந்ததுபோல இருந்தாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பல வருஷப் பழக்கம் வாயில் வந்திருக்கலாம். எதுவானால் என்ன? அவள் வாத்தை அழுத்தினாள். கீச்!

கருவிகள் சட்டென்று வெளியே வந்தன. “இருமலா சிஸ்டர்?”

“இல்ல டாக்டர். ஓரம்.”

எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தொண்டையைச் செருமினார். டாக்டர் குரலில் சூடு ஏறியது. “சிஸ்டர், நீங்க இப்ப பேஷன்ட். ஆடாம படுங்க. லென்ஸ்ல பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. ஏர் குடுப்பா.”

கீச்! கீச்!

அவள் காற்றின் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். திருகு நெட்டையின் கையில் இருந்தது. வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி கேட்காதவன். அவன் திருப்பிவிட்டால் அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வாத்தை அழுத்தியா காற்றை நிறுத்த முடியும்? காற்று வரவில்லை.

“சார்” என்றான் நெட்டை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. “ஃபார்ம்ல எழுதியிருக்காங்க சார். சம்மதம் இல்லைன்னு எழுதியிருக்காங்க. நான் திருப்ப மாட்டேன் சார்.” சொல்லிவிட்டுக் கையைத் திருகிலிருந்து எடுத்து மார்போடு கட்டிக்கொண்டானாம். அவள் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “சரி. கம்பியைக் குடு. பாத்துத் தொலைக்கறேன்.”

மரத்த கண்ணில் வலியில்லை, அழுத்தம் மட்டும் தெரிந்தது. கீழே அழுத்தினார். நகர்ந்தார். மூக்குப் பக்கம். நகர்ந்தார். மேலே. அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்தவர் நின்றார். மறுபடியும் அதே இடத்தில் அழுத்தினார். எடுத்தார். மூன்றாம் முறையும் அதே இடத்தில் அழுத்தினார். ஒரே இடத்தை மூன்று தடவை எதற்கு அழுத்துவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“லேசர்” என்றார் டாக்டர். சூடெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

ஜெயித்தோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் கண் தப்பியது தெரிந்தது. தெரிந்த அதே மூச்சில், கீழ்த்தளத்தில் தான் கிடுக்கி துடைத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் நினைவுக்கு வந்தது. அப்புறம் வந்தது கோபம். அந்தப் பச்சைத் துணியைக் கிழித்து எறிந்துவிட்டு எழுந்து நின்று கத்த வேண்டும்போல வந்தது. அவள் ஆடாமல் கிடந்தாள். நல்ல நோயாளி ஆடக்கூடாது.

வாயுக் குமிழ் நடுவில் போய் அழுத்த வேண்டுமானால் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். வார்டில் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்துக்கு வளையத் தலையணை கொடுத்தார்கள். இடது கண்ணுக்குத் தரை தெரிந்தது, வருகிறவர்களின் கால் தெரிந்தது. மற்றது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்குப் பளபளவென்று கறுப்பு ஷூ இரண்டு வந்து நின்றன.

“பத்து மணிப் பக்கம், கடைசி ஓரத்துல” என்றார் ஷூக்காரர். “சின்னக் கிழிசல்தான். சுத்தி மூணு வரிசை லேசர் போட்டாச்சு. பயமில்ல சிஸ்டர். நல்லவேளை, பாத்தோம்.”

“பாத்தோம்னு சொல்லாதீங்க டாக்டர். பாக்க வெச்சேன்.”

ஷூக்கள் கொஞ்சம் பின்வாங்கின.

“நான் கீழ போனதுல இருந்து இந்த ஆபரேஷன் எத்தனை கண்ணுக்கு ஆச்சு?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒரு மாசம் தாண்டினது தொண்ணூத்தாறு.”

“ஒரு மாசச் செக்கப்புக்கு வந்தது எத்தனை பேர்?”

“அம்பத்தெட்டு. அதுல ரெண்டு பேருக்கு விழித்திரை உரிஞ்சிருந்துது, மறுபடி பண்ணினோம். எங்கயும் நடக்கறதுதான் அது.”

“நடக்கறதுதானா? மீதி முப்பத்தெட்டு பேர்?”

“தூரத்துல இருந்து வர்றவங்க. நல்லாத் தெரியுதுன்னா வரமாட்டாங்க, உங்களுக்குத் தெரியாததா?”

“எல்லாரையும் கூப்பிடுங்க. இன்னைக்கே.”

“ஒட்டுமொத்தமாக் கூப்பிட்டா பயந்துடுவாங்க சிஸ்டர். ஆஸ்பத்திரிக்கும் பேர் கெட்டுப்போகும். பக்குவமா, அடுத்த வாரம்...”

“பயப்படட்டும். பயந்தவங்கதான் வருவாங்க. கண்ணு கெட்ட பிறகு பக்குவத்தை வெச்சு என்ன பண்றது? நான் ஃபார்ம்ல எழுதினேன், பொழைச்சேன். அவங்களுக்கு எழுதணும்னே தெரியாது டாக்டர். உங்களை நம்பி வெறுமனே கையெழுத்துப் போட்டவங்க அவங்க.”

ஷூக்கள் அப்படியே நின்றன. அவர் கூப்பிடுவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. “என்னங்க!” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “உங்க போனை எடுத்து என் மூஞ்சிக்குக் கீழ தரையில வைங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நெட்டைகிட்ட சொல்லி ஆபரேஷன் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க.”

“குப்புறக் கிடந்துக்கிட்டு என்ன வேலை அண்ணி இது?” என்றாள் நாத்தனார்.

“கண்ணுக்குத்தான் ஆபரேஷன். வாய்க்கு இல்ல.”

நெட்டை வந்துவிட்டான். செக்கப்புக்கு வராதவர்களின் நம்பரை அவன் படிக்க, புருஷன் அழுத்தினார். முதல் நம்பர் தப்பு. யாரோ மீன் வேண்டுமா என்று கேட்டார். இரண்டாவது ஆள் நன்றாக இருந்தார், இருந்தாலும் நாளைக்கு வரச் சொன்னாள். மூன்றாவது அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலாவது ஒரு தையல்காரம்மா. ஆபரேஷனாகி ஆறு வாரம்.

“ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர்! ஊசி கோக்கறேன், பேப்பர் படிக்கறேன். டாக்டருக்குக் கோடி நமஸ்காரம் சொல்லுங்க.”

“சொல்றேம்மா. அந்தக் கண்ணுல கறுப்பா, நிழல் மாதிரி எதுவும் இல்லையே?”

போனில் கொஞ்சம் யோசனை. “கீழ கொஞ்சம் கறுப்பா இருக்கு. அஞ்சு நாளா, தண்ணி ஏறுற மாதிரி ஏறிக்கிட்டு வருது. கேஸ் அடிச்சா அப்படித்தான் இருக்கும், தானா சரியாயிடும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க.”

வாயு கரைந்துபோய் எத்தனையோ நாளாகிவிட்டது. இது விழித்திரை உரிகிற நிழல். அப்போது கறுப்பு ஷூக்களுக்கு மேலே கால்சட்டை மடிந்து, முழங்கால்கள் இரண்டு தரையில் ஊன்றின. பெரிய டாக்டரின் முகம் அவள் முகத்துக்குப் பக்கத்தில், போனுக்கு நேராக வந்தது. முகமூடி இல்லாத முகம், வேர்த்திருந்தது.

“நான் டாக்டர் பேசறேம்மா. நல்ல கண்ணை மூடிக்கிட்டு, எதிர்ல இருக்கறவங்களைப் பாருங்க. முகம் முழுசாத் தெரியுதா?”

“தெரியுது சார். என் பொண்ணு நிக்கறா. கழுத்து வரைக்கும் தெரியறா. அதுக்குக் கீழதான் இல்ல.”

“கழுத்து வரைக்கும் தெரியுதில்ல? போதும், நடு இன்னும் உரியல. பொண்ணையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புங்க. தலையை ஆட்டாம வாங்க. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் நான் இருப்பேன்.” அவர் எழுந்தார். நெட்டையிடம் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்ல வாயெடுத்துக் கொஞ்சம் தடுமாறினார். “சிஸ்டர்...” என்றார். ஏதோ சொல்ல வந்தார்.

அவள் கேட்கத் தயாராக இல்லை. அந்தப் பொண்ணின் கழுத்தே அவள் கண்ணுக்குள் நின்றது.

“அதெல்லாம் அப்புறம் டாக்டர். இன்னும் முப்பத்திநாலு பேர் இருக்காங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். “என்னங்க, அடுத்த நம்பரைப் போடுங்க.”